மைனஸ் இருபது டிகிரியில் அக்காவின் காயில்கள்

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை அச்சிடும் அவரது மகள், "மாமா, அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும். நல்லதா எழுதுங்க" என்றாள். எழுத நல்லது நிறைய உண்டு. ஆனால் அக்காவும் அவரோடு வேலை செய்த பெண்களும் மட்டமான சரக்குச் செய்ததால்தான் அவர்கள் தொழில் நின்றது என்று இந்தக் குடும்பத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அக்கா பிறந்தது பாளையங்கோட்டையில். அப்பாவுக்கு ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்து, ஐதராபாத் பக்கத்துப் போலாரத்துக்கு வந்தபோது அக்காவுக்கு ஆறு வயது. நான் இங்கே பிறந்தேன். அத்தான் ராணுவ லாரி ஓட்டியவர். விபத்தில் அவர் இறந்தபோது மகளுக்கு நான்கு வயது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அக்கா, "அழ வர்றவங்க வராதீங்க. வேலை வச்சிருக்கவங்க வாங்க" என்றார். மூத்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டீர்கள். முகம் சுளித்தவர்களும் நீங்கள்தான்.

நான் எஞ்சினியராக இருந்த அரசு ஆலையில் டிவி செய்தோம். அதற்குக் காயில் சுற்றித் தரும் ஆர்டரை அக்கா தானே மாதிரி செய்து காட்டி வாங்கினார். என் சிபாரிசு எதுவும் இல்லை. போலாரத்தில் ஒரு பழைய பங்களாவின் குதிரை லாயத்தை வாடகைக்கு எடுத்து, அக்காவோடு சேர்த்து எட்டுப் பெண்கள் கையால் சுழற்றும் மெஷினில் செம்புக் கம்பி சுற்றினார்கள். சுற்றுகளை வாய்விட்டு எண்ணுவார்கள். சிலர் தெலுங்கில், சிலர் உருதுவில், அக்கா தமிழில். எண்ணி முடியும்வரை யார் வந்தாலும் நிமிர மாட்டார்கள். எங்கள் ஜெனரல் மேனேஜரே ஒருமுறை வந்து நின்றார். அக்கா அவரைக் காக்கவைத்து எண்ணி முடித்துவிட்டுத்தான் நாற்காலி போட்டார்.

எண்பதுகளில் கலர் டிவி வந்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எல்லாப் பாகங்களையும் பெட்டியில் அனுப்பும். நாங்கள் திருகாணி முடுக்கி, மேலே எங்கள் பெயரை ஒட்டுவோம். உள்ளூர்ப் பாகம் எதையாவது சேர்க்க வேண்டுமானால் அது அவர்கள் ஊர்ச் சோதனையில் தேற வேண்டும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அது சட்டை போட்ட வழிப்பறி. பாகத்தை மைனஸ் இருபது டிகிரிக் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் வைக்கவேண்டும் என்பது அந்தச் சோதனைகளில் ஒன்று. போலாரத்தில் ஜனவரி மாதத்துக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

அக்காவின் காயில்களை அந்தப் பெட்டியில் வைத்தவன் நானே. மேல்பூச்சு வெடித்தது. 'தேறவில்லை' என்று எழுதினேன். இந்த ஊருக்குப் பொருந்தாத சோதனையிலிருந்து விலக்குத் தரலாம் என்று தர ஆய்வு அதிகாரி, அதாவது நான், ஒரு பக்கம் குறிப்பு எழுதினால் போதும். அது எங்கள் ஆலையின் வழக்கம். வேறு பாகங்களுக்கு அதே ஆண்டு நான் அப்படி எழுதியிருக்கிறேன். அக்காவுக்கு எழுதவில்லை. அந்தக் கம்பெனி தன் நாட்டுக்குப் பயிற்சிக்கு அழைத்தவர்களில் என் பெயரும் இருந்தது. சொந்த அக்காவுக்குச் சலுகை காட்டினான் என்ற கெட்ட பெயர் வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கம்பெனி ஆட்கள் ஆலைக்கு வந்த நாளில் எட்டுப் பெண்களும் ஒரு தள்ளுவண்டியில் பெரிய ஐஸ் பாளத்தை ஏற்றி, அதன்மேல் ஒரு டிவியை வைத்து, வாசலை மறித்து நிறுத்தினார்கள். வண்டியை எடுக்கச் சொன்ன காவலாளியிடம் ரஷீதா என்ற பெண், "நக்கோ பாய், வேணாம். ஐஸ் கரைஞ்சா தானா போயிடும்" என்றார். விருந்தினரை அழைத்துவரப் போன என்னை அக்கா பிடித்துக்கொண்டார்.

"ஏல, நீ படிச்சவன். ஐதராபாத்ல எந்த மாசம்ல பனி கொட்டுது? சொல்லு, நாங்க கம்பளி வாங்கணும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். "விதி அப்படிக்கா. என் கையில ஒண்ணும் இல்ல" என்றேன்.

அக்கா நம்பினார். பெண்களிடம் திரும்பி, "இவனை விடுங்கடி. சின்ன ஆளு. மேல இருக்கவனைக் கேப்போம்" என்று தெலுங்கில் சொன்னார். ஐஸ் கரைவதற்குள் போலீஸ் வந்து எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு போனது.

அதன்பின் நம் வீடுகளிலிருந்து அக்காவுக்குக் கல்யாணப் பத்திரிகை போகவில்லை. "ஸ்டேஷன் போன பொம்பளை" என்றீர்கள். நானும் மறுக்கவில்லை. லாயத்தை மூடிய பிறகும் அக்கா ஓயவில்லை. இதே வெளிநாட்டுப் பாகப் பெட்டிகளால் வேலை இழந்த மற்றச் சிறு பட்டறைகளைத் தேடிப் போனார், நோட்டீஸ் கொடுத்தார், இன்னும் பல வாசல்களில் நின்றார். நான் பயிற்சிக்குப் போய், பனியில் நின்று படம் எடுத்து அக்காவுக்கும் ஒன்று அனுப்பினேன்.

அக்கா படுக்கையில் விழுந்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

"ஒரு பக்கம் எழுதியிருந்தா போதுமா?"

"போதும்க்கா. மன்னிச்சிடுக்கா."

"என்ட்ட என்னத்துக்குக் கேக்க? என்கூடக் கம்பி சுத்துன யாதம்மா, பட்டறை மூடுன பொறவு வீடு வீடாப் பாத்திரம் தேச்சா. அவகிட்டப் போய்ச் சொல்லு. சொல்லாம என் முகத்துல முழிக்காத."

நான் போகவில்லை. அக்காவின் வாசல்வரை வந்து வந்து திரும்பினேன். அப்படியே அக்கா போய்விட்டார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த நர்ஸ் அம்மாவுக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் ஐயரவர்களுக்கும், சமைத்துத் தந்த சபைப் பெண்களுக்கும் குடும்பத்தின் நன்றி. அந்த எட்டுப் பேரில் இன்று நால்வர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. இந்தக் கட்டுரையோடு தப்பிவிடலாம் என்ற எண்ணமும் எனக்கு வந்தது. சென்ற வாரம் யாதம்மா வீட்டில் நால்வரையும் கூட்டி, எல்லாவற்றையும் தெலுங்கில் சொன்னேன். யாரும் திட்டவில்லை. யாதம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் காகிதம் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்" என்றேன்.

என் முன்னால் வைத்திருந்த டீயை அவர் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நால்வரும் இன்று அக்காவின் நினைவுக் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள் சுற்றியது நல்ல சரக்கு என்று உங்களில் ஒருவராவது அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னால் அவர்கள் கேட்கமாட்டார்கள்.