எங்கள் ஷெட்டில் செய்த தூம்பா

தூம்பா எங்கள் வீட்டு வாசலில்தான் உடைந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தூம்பா என்றால் கோயிலுக்குச் சொந்தமான, ஊருக்கே பொதுவான சவப்பெட்டி. மூடி கிடையாது. இறந்தவரை அதில் கிடத்தித் தோளில் தூக்கிப் போவார்கள். கல்லறையில் உடலை மட்டும் குழியில் இறக்கிவிட்டு, வெறும் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கோயிலின் பின்னறையில் சாத்திவைப்பார்கள். அது அங்கே அடுத்தவருக்காக நிற்கும்.

செத்தவீட்டில் தூக்கினால் கல்லறை வாசலில் இருக்கும் சிலுவையடியில்தான் இறக்க வேண்டும். நடுவில் எங்கேயும் தரையில் வைக்கக் கூடாது, வைத்த வாசலுக்கு ஆகாது என்பார்கள். அன்றைக்கு அடிப்பலகையைச் செல்லு, அதாவது கரையான், அரித்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கேட்டுக்கு நேராக வந்தபோது சடசடவென்று சத்தம். முன்பக்கம் தோள் கொடுத்துக்கொண்டிருந்த அப்பா சட்டென்று குனிந்து, அடியில் முதுகைக் கொடுத்தார். அவர் முதுகின் மேல்தான் பெட்டியை மெதுவாக இறக்கினார்கள். கும்பிட்டபடி நின்றிருந்த அம்மா உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் ஊர்வலத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரும் எங்கள் வீட்டையே பார்த்தார்கள்.

சாயங்காலம் அப்பா இடது கையை நீவிக்கொண்டிருந்தார். சுளுக்கு என்றார். சில நாள் கழித்து, கரும்பு லோடு ஏற்றும்போது வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மழை மூட்டம், குளிர்காற்று, அவருக்கு மட்டும் வேர்த்துச் சட்டை நனைந்து போயிருந்தது. பைக்கில் உட்காரவைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனேன். ஈசிஜி எடுத்த டாக்டர் அப்பாவிடம் பேசாமல் என்னிடம் பேசினார். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம், பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆஞ்சியோ பார்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். வெளியே வந்து டீ குடித்துக்கொண்டே அப்பா முடிவைச் சொன்னார். கரும்பு வெட்டு முடியட்டும்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி எரிகிற கல்லறைகளுக்கு நடுவில் பூசை முடிந்ததும், புதுத் தூம்பா வேண்டும் என்று சாமியார் சொன்னார். டவுனிலிருந்து இரும்புப் பெட்டி வாங்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. நான் கையைத் தூக்கினேன்.

எனக்கு அப்போது அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. பிஎஸ்சி முடித்துவிட்டு வேலைக்கான பரீட்சைகளை எழுதிக்கொண்டு வீட்டில் இருந்தேன். சும்மா இருக்க முடியாது என்னால். போனில் பார்த்துப் பார்த்து மர வேலை கற்றுக்கொண்டேன். டிரில்லிங் மெஷின், கை ரம்பம், இழைப்புளி எல்லாம் சேர்த்துவிட்டேன். திருஇருதயப் படத்துக்குக் கீழே எங்கள் வீட்டில் இருக்கிற செபப் பீடம் நான் செய்ததுதான். அந்தத் தைரியத்தில், "நான் செய்றேன் ஃபாதர்" என்றேன். பின்னாலிருந்து ஒரு ஆள், பொண்ணு செஞ்ச பெட்டியில ஏறிப் போவ கொடுத்து வச்சிருக்கணும்பா, நீ மொதல்ல போறியா என்று பக்கத்து ஆளைக் கேட்டார். கல்லறை என்றும் பார்க்காமல் சிரித்தார்கள். அப்பாதான் ரொம்பச் சிரித்தார்.

மரமும் அப்பாதான் கொடுத்தார். என் கல்யாணக் கட்டிலுக்கென்று அறுத்துப் பரண்மேல் போட்டிருந்த வேப்பம் பலகைகள். வேம்பைச் செல்லு தொடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கட்டில் பலகையில் பாடை செய்கிற குடும்பத்தை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா என்று அம்மா என்னிடம் கேட்டாள். ஜெபமாலை உருட்டிக்கினே சகுனம் பாக்குறியே என்று அப்பா அவளைக் கிண்டல் செய்தார்.

மோட்டார் ஷெட்டில் வேலையை ஆரம்பித்தேன். சுவரில் ஒரு சூசையப்பர் படம் மாட்டினேன். தச்சர் ஆயிற்றே, என் தொழிலுக்கு அவர்தான் பாதுகாவலர் என்று நினைப்பு. சோறு கொண்டுவந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு தச்சருக்கு மட்டுமா? நல்ல சாவுக்கும் அவருகிட்டதான் வேண்டிக்கிறோம். தெரியாதா உனக்கு?"

தெரியும். சின்ன வயதிலிருந்து தினமும் சொல்கிற ஜெபம்தான். ஆனால் அந்த ஷெட்டில், பாதி இழைத்த பலகைகளுக்கு நடுவில் யாரும் அதை எனக்குச் சொன்னதில்லை.

நீளத்தில்தான் தப்பு நடந்தது. பழைய தூம்பா குட்டை. உயரமான ஆளை வைத்தால் குதிகால் பலகையில் இடிக்கும். சரியான நீளம் எவ்வளவு என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடாக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். எங்கள் ஊரில் அவரை விட உயரமான ஆள் கிடையாது. யோசிக்கவே இல்லை. இடுப்பிலிருந்த டேப்பை உருவி, உச்சந்தலைக்கு மேலே ஒரு முனையை வைத்துக் கால்வரைக்கும் இழுத்தேன்.

அம்மா பின்னாலேயே நின்றிருக்கிறாள். அவள் கத்தவில்லை. அது இன்னும் மோசம். டேப் பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கினாள். இரும்பு நாக்கு சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. தன் பிறந்த ஊரில் சவப்பெட்டிக்கு உயிரோடு இருக்கிற ஆளை அளக்க மாட்டார்கள், அளந்துவிட்டால் பெட்டி அந்த ஆளுக்காகக் காத்திருக்கும் என்று மட்டும் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அப்பா கண்ணைத் திறக்காமலே, "அளந்துக்கோ பாப்பா. காலுகிட்ட ரெண்டு இஞ்ச் ஜாஸ்தி வுடு" என்றார்.

அவர் கிண்டலாகத்தான் சொன்னார் என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் அப்படித் தோன்றவில்லை. ஞாயிறு அல்லாத ஒரு நாளில் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். மோட்டார் ஸ்டார்ட்டரை எப்படிப் போடுவது, எந்த மடையை எப்போது திறப்பது என்று என்னை நிற்கவைத்துக் காட்டினார். பல வருடமாகப் பேசாமல் இருந்த பங்காளி வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தார். ஒவ்வொன்றும் நல்ல காரியம். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க, ஊருக்குக் கிளம்புகிற ஆள் கணக்கு முடிப்பது போல எனக்குப் பட்டது. மழை விடவே இல்லை. கல்வராயன் மலையை மேகம் மூடி, மேற்கே மலை இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. ஈரத்தில் பலகைகள் உப்பி, பொருத்துகள் உட்கார மறுத்தன.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். கரும்பு வெட்டு முடிந்துவிட்டது, இனி என்ன என்று கேட்டேன்.

"பெட்டி முடியட்டும். கோயில்ல ஒப்படைச்சிட்டுப் போவலாம்."

"நீ இல்லன்னா நான் ஒப்படைக்க மாட்டனா?"

"என் பலகைம்மா. நான் பாத்துட்டுப் போறேன்."

எதையும் வேகவேகமாகச் செய்கிற எனக்குக் கை ஓடவில்லை. முடித்தால் அப்பா ஆஸ்பத்திரிக்கு வருவார். ஆனால் முடித்தால் அவர் அளவில் ஒரு பெட்டி முடிந்து நிற்கும். நான் படித்தது இயற்பியல். மரத்துக்கு ஆளைத் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இழைத்த பலகையையே மறுபடி இழைத்துக்கொண்டு நாளை ஓட்டினேன்.

தினமும் சாயங்காலம் ஜெபமாலையின் முடிவில் இறந்துபோய் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக வேண்டுகிற இடம் வரும்போது அம்மாவின் குரல் நின்றுவிடும். நானும் அப்பாவும் மட்டும் சொல்லி முடிப்போம்.

ஒரு நாள் காலையில் அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். அரை மணி நேரம் கழித்து அம்மா ஷெட்டுக்கு வந்தாள். அளந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசியதில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீளப் பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு முடிச்சிடு."

"சரிம்மா."

"கொறச்சி அறு."

"எவ்ளோ?"

"அவருக்குப் பத்தாத அளவுக்கு."

சூசையப்பர் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பென்சிலால் நாலு அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போட்டேன். ஊரே குட்டைப் பெட்டி என்று திட்டப்போகிறது. பழைய தூம்பாவின் அந்தக் குறையைத்தானே சரிசெய்யப் பார்த்தோம் என்பதெல்லாம் அப்போது மண்டையில் ஏறவில்லை. அம்மா பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு பலகையாக அறுத்தேன். வேப்பந்தூள் கசப்பு தொண்டையில் இறங்கியது. பெட்டியை ஆரம்பித்த நாளிலிருந்து வெறுத்தவள், கடைசி ஆணி வரைக்கும் பிடியை விடவில்லை.

மத்தியானம் அப்பா பார்க்க வந்தார். மேலே தடவினார், பொருத்துகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு பெட்டியின் தலைப்பக்கம் ஒட்டி நின்று கால்பக்கத்தைப் பார்த்தார். தன் உயரம் யாருக்குத்தான் தெரியாது.

"எனக்குப் பத்தாதே இது."

"பத்தாதுதான்" என்றாள் அம்மா. "கெளம்புங்க, வந்து ஒப்படைச்சிக்கலாம்."

அவர் சட்டை மாற்றப் போனார்.

கார் பிடிக்கலாம் என்றதற்கு, பஸ்ஸில் போகிற உடம்புதான் என்று பிடிவாதம். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது, லாரிகள் ஹாரன் அடிக்கிற சத்தத்தில் அவர் என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது பரோட்டாக் கடை வாசலில் அம்மாவின் தோளில் முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. அங்கிருந்து ஆம்புலன்ஸ்தான். அம்மா வழியெல்லாம் வாயை மூடவே இல்லை, அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே என்று ஒரே மந்திரத்தை முடிக்காமல் ஆரம்பித்துக்கொண்டே வந்தாள்.

உள்ளே கொண்டுபோனார்கள். கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தோம். துண்டு எடுக்க அம்மாவின் வயர் கூடையில் கையை விட்டேன். வேட்டிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் கீழே கட்டையாக ஏதோ தட்டுப்பட்டது. பலகையிலிருந்து அறுத்த துண்டுகள். நாலு அங்குலத் துண்டுகள், எல்லாமே, ரிப்பனால் கட்டி வைத்திருந்தாள்.

"இன்னாத்துக்கும்மா இது?"

"அங்கயே வுட்டுட்டு வந்தா, யாராவது எடுத்துச் சேத்து ஒட்டிட்டாங்கன்னா?"

நான் சிரிக்கவில்லை. ஒட்ட முடியுமா என்று ஒரு நொடி யோசித்தேன், முடியும். பசையும் உள்ளேயிருந்து ஒரு சட்டமும் போதும்.

வெகுநேரம் கழித்து டாக்டர் வந்தார். ரெண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்துவிட்டோம், நேரத்தில் கொண்டுவந்தீர்கள், ஆனால் நாளைக்குள் எதுவும் சொல்ல முடியாது என்றார். ஒருவர் மட்டும் பார்க்கலாம். அம்மா எழுந்திருக்கவில்லை. நீ போ என்றாள்.

அப்பாவின் மூக்கில் குழாய், கையில் ஊசி. தலைக்கு மேலே பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் குழாயை நகர்த்தப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தினி இஞ்ச் கொறச்ச?"

"நாலு."

 கல்லறையில் சிரித்த அதே சிரிப்போடு சொன்னார்.

"காலை மடக்கிக்கலாம் பாப்பா. நாலு இஞ்ச்தான."

நர்ஸ் வந்து பேசவைக்காதீங்க என்று என்னை வெளியே அனுப்பினாள்.

அம்மா கதவருகிலேயே கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"பசிக்குதாம்" என்றேன்.

அவள் முகம் அப்படியே மாறிவிட்டது. பசி வந்தால் ஒன்றும் ஆகாது, இட்லி குடுப்பாங்களா கேளு, நான் போய் வாங்கியாரேன் என்று படபடத்தாள். கூடையை என்னிடம் திணித்துவிட்டு, கீழே விட்டுடாதே என்று சொல்லி, படிக்கட்டை நோக்கி ஓடினாள்.