அந்த நீல லோரியை ஓட்டி வந்தது யார்

பிரேக் ஆயிலுக்கு ஒரு மணம் உண்டு. லேசான இனிப்பும் கருகல் நெடியுமாக, கையில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டாலும் சாயங்காலம்வரை போகாது. எந்தப் பட்டறையைக் கடந்தாலும் அந்த மணம் என்னை மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு வெளியே, லாலான் புல் மண்டிக் கிடந்த ஒரு பழைய வண்டிக் கொட்டடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். இராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து விற்கும் இடம் அது. என் அம்மா வாங்கிய "ஆர்மி லோரி" அங்கேதான், சக்கரமெல்லாம் கொடி படர்ந்து, வீட்டுக்கு வரக் காத்துக்கொண்டு நின்றது.

அதற்கு முந்தைய வருஷம் அப்பா இறந்துபோயிருந்தார். எஸ்டேட்டில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்த அம்மா, லோரி லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தாள். இனி சொந்தமாகக் குலை ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று துணிந்து, கையில் இருந்ததையெல்லாம் போட்டு அந்த வண்டியை வாங்கிவிட்டாள். "பொம்பள லோரி ஓட்டி நம்ம மானத்த வாங்கப் போறா" என்று சொந்தக்காரர்கள் குதித்தார்கள். அப்பாவின் அண்ணன், அந்தோணி பெரியப்பா மட்டும் குதிக்கவில்லை. பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த அவர் ஓர் ஏற்பாடு சொன்னார்: வண்டியை அவரே சரிசெய்து, அவரே ஓட்டிப்போய்த் தன் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்வார், ஆள் வைத்துத் தொழில் நடத்துவார், நானும் அம்மாவும் அவர் வீட்டில் ஓர் அறையில் இருந்துகொள்ளலாம். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் அம்மாவுக்கு அடுப்படியைத் தவிர வேறு இடமே இல்லை. வேண்டாம் என்றாள் அம்மா. அதையும் என் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினாள்.

அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. கணவனின் அண்ணன் "மூத்தார்". தம்பி மனைவி அவர் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் போட்ட சட்டம். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் கப்பலேறி வந்த இந்தச் சட்டத்தை மட்டும் யாரும் இறக்கி வைக்கவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு", "உங்க பெரியப்பாவக் கேளு" என்ற இரண்டுக்கும் நடுவே ஓடி ஓடி வளர்ந்தவள் நான்.

வேண்டாம் என்று சொல்லியும் பெரியப்பா ஸ்பேனர் பையோடு கொட்டடிக்கு வந்து நின்றார். கடைசியில் ஓட்டப்போவது தான்தான் என்ற நம்பிக்கை அவருக்கு. முதல் தடவை யார் ஓட்டி வந்து நிறுத்துகிறார்களோ அவர்களுடைய வண்டி என்றுதான் ஊர் பேசும். அது இருவருக்குமே தெரியும். டாங்கியிலிருந்த பழைய டீசலை இறக்கினார், எலி கட்டிய கூட்டைப் பிய்த்து எறிந்தார், புது பேட்டரி மாட்டினார். இராணுவப் பச்சையோடு சாலையில் இறங்கக் கூடாது என்பதால், சர்ச்சில் மாதா சிலை வைத்த கெபிக்கு அடித்து மிஞ்சிய நீலச் சாயத்தை நானும் அம்மாவும் பிரஷ்ஷால் பூசினோம். லோரி பார்க்க அசல் கோமாளிதான். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

கடைசி வேலை, பிரேக்கில் "காத்து எடுக்கிறது". ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும்; இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள திருகைத் திறந்து, காற்றை வெளியேற்றி மூட வேண்டும். மூடும்முன் மேலே இருப்பவர் காலை எடுத்தால் போச்சு, காற்று திரும்பவும் உள்ளே ஏறிவிடும். மிதிக்க எனக்குக் கால் எட்டவில்லை. அம்மா ஏறினாள், பெரியப்பா அடியில் படுத்தார், நடுவில் தூது ஓட நான். "புடிக்கச் சொல்லு" என்பார், ஓடிப்போய்ச் சொல்வேன். "இன்னும் விட வேணாம்னு சொல்லு" என்பார். நான் கதவருகே போய்ச் சேர்வதற்குள், மிதி தரையோடு அமுங்குகிறதே என்று பயந்து அம்மா காலை எடுத்திருப்பாள். திரும்பத் திரும்ப இதே கதை. ஒரே ஒரு டின் ஆயில்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை, கடையும் கிடையாது.

"மாமா! என்கிட்டயே நேரா சொல்லுங்க!" என்று அம்மா மேலிருந்து கத்தினாள்.

கீழே ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல் வந்தது.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விடாத."

"விடல."

"இப்ப விடு."

சக்கரம் சக்கரமாக அப்படியே பேசிக்கொண்டு போனார்கள். முடிந்ததும் பெரியப்பா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, பழையபடி என்னைப் பார்த்து, "உங்கம்மாவ எறங்கச் சொல்லு" என்றார்.

அந்தத் தூதை நான் கொண்டுபோகவில்லை. சுற்றிப் போய் மறுபக்கம் ஏறி, கதவை அறைந்து சாத்தினேன். அம்மா என்னைப் பார்த்தாள், சாவியைத் திருப்பினாள். கியர் அலறியது, லாலான் புல் நசுங்கியது, நாங்கள் சாலைக்கு வந்துவிட்டோம். சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் வராத காலத்துக் கெலாங் பாத்தா சாலையில், கோப்பிக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்க்க, பெரியப்பா மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வர, அம்மா வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அதை வைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

இன்று அந்தக் கொட்டடி இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. எஸ்டேட் வீட்டுக் குடியிருப்பாகிவிட்டது, லோரி பழைய இரும்பாகப் போனது. எங்கள் வீட்டு மூத்தார்களும் தம்பி மனைவிகளும் இப்போது போனில் நேராகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இதில் எதற்காகவும் நான் அழவில்லை. ஆனால் போன மாதம் பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் விருந்தில், அவர் மகன் மைக்கைப் பிடித்து, "அந்தக் காலத்துல ஆர்மி லோரிய எங்கப்பா தனி ஆளா கெலாங் பாத்தா வரைக்கும் ஓட்டிட்டு வந்தாருலா!" என்றபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பெரியப்பா மறுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த அம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வண்டிய யாரு ஓட்டுனதுன்னு உங்க பெரியப்பாவக் கேளு."

எழுந்து போனேன். மைக்கை வாங்கினேன். "பெரியப்பா, அம்மா கேக்குறாங்க. வண்டிய யாரு ஓட்டுனது?"

மைக்கை அவர் பக்கம் நீட்டினேன். பெரியப்பா காதைச் சொறிந்தார். "அலமாக்" என்றார், மாட்டிக்கொண்டவர் மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, "ஓட்டுனது அவதான். பிரேக்கு மட்டும் என்னோடது. உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார்.

மைக்கில் சொன்னது எல்லாருக்கும் கேட்டிருந்தது. ஆனாலும் மண்டபத்தின் குறுக்கே நடந்து வந்து அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா நிமிரவில்லை. "கேட்டுச்சுன்னு சொல்லு" என்றாள்.