எல்லைக்குள் ஒரு தாய்வீடு

நகரசபை மருத்துவச்சி ஞானசுந்தரி அம்மாள் காலமான செய்தி, காஞ்சிபுரம் கடைத்தெருவில் பட்டு நூல் வாங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. "அந்த மூத்திரம் காய்ச்சற அம்மா நேத்து பூட்டாங்கபா" என்றார் கடைக்காரர். ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் அது. பிள்ளைத்தாய்ச்சிகளின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். வெள்ளையாகத் திரிந்தால் ஆபத்து என்பார். அந்தக் குழாயால் பிழைத்தவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

நான் தாமலில் தறி போட்டிருப்பவன். பள்ளிக்கூடம் போனவனல்ல, எழுத்தை நானே கூட்டிப் படித்தேன். அம்மாளை அறிந்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் மருமகள் குப்பம்மாளுக்குத் தாய்வீடும் தாமல்தான். தலைப்பிள்ளை சுமந்திருந்தபோது கால் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்தது. நீர் இறங்குவது சகஜம் என்றார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். வேறு சொல்ல அங்கே யாரும் இல்லை. ஒரு காலையில் வலிப்பு கண்டது. வண்டி பூட்டி ஓட்டினோம். நகர எல்லைக் கல்லைத் தாண்டும்போது அவளுக்கு மூச்சில்லை.

ஆஸ்பத்திரி வாசலில்தான் அம்மாளை முதலில் பார்த்தேன். வண்டிக்குள் ஏறி, குப்பம்மாளின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த வீக்கம் எப்போலேந்து?"

"ரெண்டு மாசமா இருந்துது. நீங்க தெருத்தெருவா போறீங்களே, தாமலுக்கு ஏம்மா வரல?"

"கல்லுக்கு அந்தாண்ட போகக் கூடாதுன்னு உத்தரவுங்க ஐயா. என்னைத் திட்டணும்னா திட்டிக்குங்க. அப்புறம் நகரசபையிலயும் போய்க் கேளுங்க."

கேட்டேன். தாமல் தாலுகா போர்டைச் சேர்ந்தது என்றது நகரசபை. மருத்துவச்சி வைக்க வசதியில்லை என்றது தாலுகா போர்டு. வரி வாங்கும்போது மட்டும் தாமல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

மறு வருஷம் என் மகள் பட்டம்மாள் உண்டானாள். அவளைச் சின்ன காஞ்சிபுரத்தில் கொடுத்திருந்தோம். அது கல்லுக்கு உள்ளே. அம்மாள் மாதந்தோறும் போய்ப் பார்த்தார். வளைகாப்பு முடிந்து மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர நானும் என் மனைவியும் வண்டியோடு போனோம். அம்மாள் கூடத்தில் பட்டம்மாளின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மெட்டி இறுகியிருந்தது. குழாயிலும் திரிந்துவிட்டதாம்.

"இந்தப் பொண்ணைத் தாமலுக்கு அனுப்பாதீங்க. அங்க என்னால வர முடியாது" என்றார்.

சம்பந்தியம்மாள் ஒப்பவில்லை. "தலைச்சன் பிரசவத்தை மாமியா வூட்டுல பார்த்தா தெருவே சிரிக்கும்மா."

"அப்போ இவ அம்மா இங்க வந்து பார்த்துக்கட்டும்."

"நல்லா இருக்குது. பொண்ணைக் குடுத்தவ சம்பந்தி வூட்டுல குந்திக்கினு சோறு துன்னுவாளா? அவளையே கேளு."

என் மனைவி மாட்டேன் என்று தலையசைத்தாள். எனக்குக் கண்முன் குப்பம்மாள் வந்த வண்டிதான் நின்றது.

அம்மாள் விளக்கை அணைத்துப் பைக்குள் வைத்தார். "தாய்வீடுன்னா என்னங்க ஐயா? உங்க சம்சாரம் அடுப்பு மூட்டற இடந்தானே? எதிர்வீட்டுப் பின்கட்டு காலியா கிடக்குது. அங்க மூட்டச் சொல்லுங்க."

சம்பந்தியம்மாள் யோசித்தார். "வண்டியில ஏத்தித்தான் அனுப்புவேன்" என்றார் கடைசியில். அப்படியே மகளை ஏற்றி, தேரடி வரை மெல்ல ஓட்டித் திரும்பி, எதிர்வீட்டு வாசலில் இறக்கினோம். என் மனைவி ஆரத்தி எடுத்தாள். அம்மாள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாடகைக்கு எடுத்த அந்தப் பின்கட்டுக்கு அவர் நாள் தவறாமல் வந்தார். உப்பை நிறுத்தினார், எழுந்து நடமாட விடவில்லை. வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குத் தம்மோடு கூட்டிப்போனார். குழந்தை தங்கவில்லை. மகள் பிழைத்தாள். "கல்லுக்கு இந்தாண்ட இருந்ததால ஒண்ணாவது மிஞ்சிச்சு" என்றார். ஆறுதலாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொன்னார்.

பின்கட்டை நான் விடவில்லை. தாமலில் உண்டானவர்களை அங்கே கொண்டுவந்து அடுப்பு மூட்ட வைத்தேன். எல்லைக்குள் இருப்பவர்களைப் பார்க்கக் கூடாதென்று உத்தரவில்லையே. வரச் சம்மதித்தவர்கள் சிலர்தான். நாற்று நடவை விட்டுவிட்டு யார் வருவார்கள்? வராதவர்களைப் பற்றித்தான் அம்மாள் என்னிடம் அதிகம் விசாரிப்பார்.

இரங்கல் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் அவரை ஊருக்கே தாய் என்றார். எந்த ஊருக்கு என்று எழுந்து கேட்டேன். இது துக்கக் கூட்டம், உட்காருங்கள் என்றார்கள். என் துக்கமே அதுதான். அடுத்து வருகிறவராவது கல்லைத் தாண்டுவாரா என்றேன். படத்துக்கு மாலை போட எழுந்துவிட்டார்கள். இன்றுவரை அடுத்த மருத்துவச்சியே வரவில்லை.

பின்கட்டில் இப்போது எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள், ஏழு மாதம். அம்மாள்தான் இல்லையே, ஊருக்கே அனுப்பிவிடு என்கிறார்கள் அவள் வீட்டார், அனுப்பமாட்டேன். தினமும் காலையில் போய் அவள் காலைப் பார்க்கிறேன். மெட்டியைப் பார்க்கும் பழக்கம் அம்மாள் எனக்கு விட்டுப்போனது. நேற்று அது சற்று இறுகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால் வலி கண்டதும் கொண்டுவா என்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.