முப்பதாயிரத்து முப்பத்தொன்று

துறைமுகத்தை ஒட்டிய சூலியா தெருவில் அத்தர் கடை வைத்திருந்த மீரா சாகிபுக்கு எண் பைத்தியம். கப்பல் ஏறுகிறவர்களும் பெண் பார்க்கப் போகிறவர்களும் அவரிடம் வருவார்கள். பெயரின் எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டி, வகுத்து, மிச்சத்தைப் பார்த்துப் பலன் சொல்வார். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எண்களால் மட்டுமே வகுப்பார். மற்றவை கலப்படமாம், அத்தர் வியாபாரியின் கொள்கை அது.

அவர் மனைவி சுலைஹாவுக்குக் காலையிலேயே வலி கண்டது. வெயில் ஏறியும் பிரசவம் ஆகவில்லை. மருத்துவச்சி ருக்கையா அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"புள்ள குறுக்கால கெடக்கு தம்பி. இனி என் கையில இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டரம்மாவ கூட்டிட்டு வாங்க, சீக்கிரம்லா."

"ஒரே ஒரு கணக்கு. பார்த்துட்டு ஓடிர்றேன் அக்கா."

ஓட வேண்டிய மனிதர் சிலேட்டோடு உட்கார்ந்துவிட்டார். பயம் அப்படி. மனைவி பெயர், அவள் தாயார் பெயர், தமக்கு ஓதத் தெரிந்த துஆக்கள் எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கூட்டினார். எண் பெரிதானால் காவலும் பெரிது என்று நினைப்பு. முப்பதாயிரத்து முப்பத்தொன்று வந்தது.

இரண்டால் வகுத்தார். மிச்சம் ஒன்று. உள்ளே இருப்பதோ இரண்டு உயிர். மூன்றால் வகுத்தார், ஒன்று. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று போனார்; எதிலும் அதே ஒன்று. எது மிஞ்சும், தாயா பிள்ளையா?

இந்த ஆறு எண்களையும் பெருக்கினால் முப்பதாயிரத்து முப்பது. அதற்கு மேல் ஒன்று கூடினால் ஆறிலும் ஒன்றுதான் மிஞ்சும். அது எண்ணின் குணம், யாருடைய தலையெழுத்தும் அல்ல. அதை அந்த நேரத்தில் அவருக்கு யார் சொல்வது?

"ஏங்க... ஏங்க..." என்று உள்ளிருந்து சுலைஹா கூப்பிட்டாள். மிச்சமில்லாமல் வகுபட்டால் ஆபத்து கழிந்துவிடும் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, பதினேழு, பத்தொன்பது என்று மேலே மேலே வகுத்தார். அவள் மறுபடி கூப்பிட்டாள். அவர் சாக்குக்கட்டியை விடவில்லை.

ஐம்பத்தொன்பதில் மிச்சம் இல்லாமல் முடிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவருக்கு அடுத்த கணமே இன்னொன்று தோன்றியது. ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் இரண்டுமே போய்விடுமா? செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

டாக்டரம்மா வந்து வெகுநேரம் போராடினார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு முன்னால் குழந்தை அழுதது. தாயும் பிழைத்தாள்.

மறுநாள் காலையில் சுலைஹா அவரைப் பார்த்துக் கேட்டாள். "நான் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன். அப்ப டாக்டரம்மாவ கூட்டப் போயிருந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்ல. வெளியதான் உக்காந்திருந்தேன்."

"காதுல விழலையா?"

"விழுந்திச்சு."

அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.