பதினான்காவது முன்னுரிமை

மரியம், யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். "முன்னாடி பூராவும் சலாமும் சாம்பிராணியும்தான். மனுசனுக்கு என்ன வேணுங்கிறது கடைசியிலதான் கெடக்கும்" என்பார். அமீரகத்தில், அஜ்மான் நீதிமன்றத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சலூனுக்கும் சிம் கார்டு கடைக்கும் நடுவே இருக்கும் டைப்பிங் சென்டரில் பதினேழு வருடமாக உட்கார்ந்து, அடுத்தவர்களின் வழக்குகளை அரபியில் தட்டிக்கொண்டிருக்கிறார்.

ஊர் கீழக்கரை. அங்கே பெண்கள் மதரசாவில் ஓதுவதற்காகப் படித்த அரபி, இங்கே வந்து பணிநீக்கத்துக்கும் வாடகைத் தகராறுக்கும் பயன்படுகிறது. மூக்குக் கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பக்கத்தில் பிளாஸ்க் நிறைய இஞ்சி டீ. தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்குக் கேட்காமலே ஊற்றிக் கொடுப்பார். கோட்டு போட்டு வருகிறவர்களுக்குக் கேட்டாலும் கிடைக்காது. மனுவில் 'தாழ்மையுடன்' என்ற சொல் இரண்டாவது முறை வந்தால் அடித்துவிடுவார். "கெஞ்சினா கேஸ் நிக்காது தம்பி. தேதியப் போடுங்க, தேதிதான் நிக்கும்."

அவருக்கு வக்கீல்களைக் கண்டால் ஆகாது. அதிலும் வளைகுடாத் தமிழ் வழக்கறிஞர் பேரவை என்றால் வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். உறுப்பினர்கள் பதினொரு பேர், அதில் துணைத் தலைவர்கள் நான்கு பேர். ஒருவர்கூட இங்குள்ள நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட முடியாது. வக்கீல் தொழிலுக்கான சன்னது ஊரில் இருக்கிறது. ஏதேதோ சட்ட அலுவலகங்களின் பின்னறையில் ஒப்பந்தம் எழுதிக் காலம் தள்ளுகிறார்கள். செயலாளர் வைரவன் மட்டும் தன் கறுப்புக் கோட்டை ஹேங்கரில் மாட்டி, காரின் பின் சீட்டில் வருடம் முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறார். ஆகஸ்ட் வெயிலில் அது உள்ளேயே வெந்துகொண்டிருக்கும்.

இவர்கள் ஆண்டுக்கொரு முறை 'அமீரகக் கூட்டாட்சி நீதித்துறைக்கான கொள்கை முன்னுரிமைகள்' என்று ஒரு பட்டியல் தயாரிப்பார்கள். அனுப்புவார்கள். அனுப்பிய படத்தை வாட்ஸப்பில் போடுவார்கள். அரபியில் அடித்துக் கொடுப்பது மரியத்தின் வேலை. இந்த வருடம் முதல் முன்னுரிமை, சட்ட ஆலோசகர்களுக்கு நீதிமன்ற வளாகத்தில் தனி பார்க்கிங். இரண்டாவது, விழாக்களில் பேரவைக்கு முன்வரிசை இருக்கை. வழக்கம்போல மரியம் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பதினான்காவதாக, 'தொழிலாளர் வழக்குகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்' என்று ஒற்றை வரி கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அது நான்காவதாக இருந்தது. போன வருடம் ஒன்பது.

"அடுத்த வருசம் அட்டைக்கு வெளியில போயிரும் போலயே, வக்கீல் சார்."

"மேடம், பாலிசி டாக்குமென்ட்னா அதுக்கொரு வரிசைக் கிரமம் இருக்கு. உங்களுக்கு அது புரியாது" என்றார் வைரவன். துணைத் தலைவர்களில் ஒருவரான சாதிக் பாட்ஷா, ஆமாம் என்று தலையசைத்தார். தலையசைப்பதற்குத்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

புதன்கிழமை மதியம் இருவரும் அரபிப் பிரதியில் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். தடித்த தந்த நிறத் தாளில் எட்டுப் பக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் கார்மேகம் உட்கார்ந்திருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம், சாரம் கட்டும் வேலை. கையில் போன். இருபது நிமிடத்தில் அந்தப் போனில்தான், வீடியோ அழைப்பில், அவருடைய வழக்கு விசாரணைக்கு வரப்போகிறது.

கார்மேகத்துக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை போட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்பது அவர் ஊர்ச் சட்டம். ரோட்டோர வேப்பமரத்தில் ஒரு கொத்தை ஒடித்து கேம்ப் ரூம் கதவில் செருகிவிட்டு ஒன்பது நாள் படுத்துக்கிடந்தார். டாக்டர் சீட்டு இல்லை. கம்பெனி, ஆள் ஓடிவிட்டான் என்று புகார் கொடுத்துவிட்டது. அது நிலைத்தால் நாட்டை விட்டு அனுப்பி, திரும்பி வரத் தடையும் போட்டுவிடுவார்கள். மகள் நாகஜோதி நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இவர் போனால் அவள் படிப்பும் போயிற்று.

இதுவாவது பரவாயில்லை. முதல் விசாரணையில் மனுஷன் செய்த வேலையைத்தான் மரியத்தால் தாங்க முடியவில்லை. பதினோரு வருடம் போர்மேன்களிடம் வேலை பார்த்தவர். மேலிருந்து யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் வருவது ஒரே சொல், ஹிந்தியில் சரி என்கிற 'அச்சா'. திட்டினாலும் அச்சா, ஓவர்டைம் என்றாலும் அச்சா. "நீங்களாகவே வேலைக்கு வராமல் போனீர்களா?" என்று மொழிபெயர்ப்பாளர் ஹிந்தியில் கேட்டதற்கும் அச்சா என்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டோ என்னவோ, நீதிபதி இன்னொரு தேதி கொடுத்தார்.

"நான் எங்கக்கா ஓடுனேன்? ரூம்லதான கெடந்தேன்."

"அத என்கிட்ட சொல்லி என்னா பண்ண? அவங்ககிட்ட சொல்லுங்க. அச்சான்னு மட்டும் வாயத் தொறந்தியோ, கொன்னுருவேன்." கோபம் வந்தால் மரியத்துக்கு மரியாதை பாதியில் கழன்றுகொள்ளும்.

பிறகு தன் குணத்துக்கு மாறாக, வைரவனிடம் ஒரு உதவி கேட்டார். "உங்களுக்கு ஹிந்தி நல்லா வரும். பத்து நிமிசம் பக்கத்துல உக்காந்து, என்னென்ன கேப்பாங்கன்னு அவருக்குச் சொல்லிக் குடுங்களேன்."

வைரவன் பேனாவை மூடினார். "பேரவை தனிநபர் வழக்குல தலையிடுறதில்ல மேடம். பை-லாவிலயே இருக்கு. நாங்க ஒட்டுமொத்த சிஸ்டத்தப் பார்க்கிறோம்."

சாதிக் பாட்ஷா தலையசைத்தார்.

"சிஸ்டம்" என்றார் மரியம். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் மீன் முள்ளைத் துப்புகிற சத்தம் இருந்தது. அதன்பின் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கோடி கொடுத்தாலும் இவர்களிடம் இன்னொரு முறை வாய்விட்டுக் கேட்கப்போவதில்லை என்று அப்போதே தீர்மானித்துவிட்டார்.

வக்கீல்கள் இருவரும் எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை என்று கார்மேகத்தைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார் வைரவன். கார்மேகம் "அச்சா ஸார்" என்று எழுந்து தள்ளி உட்கார்ந்தார். மரியம் கண்ணை மூடிக்கொண்டார்.

போன் ஒலித்தது. திரையில் நீதிபதி, மொழிபெயர்ப்பாளர், கம்பெனி ஆள். பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் பேசக்கூடாது என்று முதலிலேயே எச்சரித்தார்கள். நீதிபதி அரபியில் கேட்டது மரியத்துக்கு உடனே புரிந்தது. அது ஹிந்தியாகிக் கார்மேகத்திடம் வருவதற்குள் மரியம் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதே கேள்விதான். நீங்களாகப் போனீர்களா?

கார்மேகம் முதுகை நிமிர்த்தினார். போர்மேன் முன் நிற்கிற நிற்பு அது. தலை மெல்ல ஆடத் தொடங்கியது.

மரியம் கைக்கு முதலில் அகப்பட்ட தாளை உருவி, திருப்பிப் போட்டு, மார்க்கரால் 'அச்சா வேண்டாம். நடந்ததைச் சொல்' என்று பெரிதாக எழுதி, போனுக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். மரியத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வக்கீல்களுக்கு அவர்களுடைய முதல் முன்னுரிமை, முத்திரையும் கையெழுத்துமாகத் தெரிந்தது.

கார்மேகம் உதட்டைக் கூட்டி நிறுத்தினார். எழுத்துக்கூட்டிப் படித்தார். "நஹி" என்றார். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். அரபியிலும் "லா" என்றார். "இல்லைங்கய்யா." பிறகு உடைந்த ஹிந்தியில், உடம்பு முழுக்கக் கொப்புளம், ரூமிலேயே கிடந்தேன், கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ்தான் தினமும் கதவோரம் சோறு வைத்துவிட்டுப் போனார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. கம்பெனி ஆள் குறுக்கிட்டபோது நீதிபதி கையமர்த்தினார். அந்த கேம்ப் பாஸ் இப்போது எங்கே, அவருடைய பெயர் என்ன, சோறு வைத்தது எந்தத் தேதியிலிருந்து என்று அடுத்த கேள்வி வந்தது.

"மேடம், அது சைன் பண்ணின ஒரிஜினல்" என்றார் வைரவன், ரகசியக் குரலில்.

மரியம் திரும்பிப் பார்க்கவில்லை. தாளை வலது கையில் பிடித்தபடியே இடது கையைப் பின்னால் அவர்கள் பக்கம் நீட்டி, மேற்கொண்டு எழுத அடுத்த பக்கத்துக்காக உள்ளங்கையை விரித்தார்.