இரண்டு குழாய்க் கிருமியும் நாலு நாள் பெங்களூரும்

பெங்களூருக்குப் போகிறவர்கள் லால்பாக் பார்ப்பார்கள், பட்டுப்புடவை வாங்குவார்கள். 1997 டிசம்பரில் நான் போனது என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள. அப்போது கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். பச்சிளம் குழந்தைகள் வார்டில் இரண்டு குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி. இரண்டும் வேறு வேறு வகை, ஆனால் அதே ஐந்து மருந்துகளுக்கு இரண்டுமே அசையவில்லை. கிருமி வளர்த்த ஒரே தட்டை நான் இரண்டு முறை பார்த்து எழுதிவிட்டேன் என்றார் டாக்டர். மறுபடியும் செய்து காட்டினேன், நம்பவில்லை. மாதக் கடைசியோடு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இருந்த சுமித்ரா ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமானவர். போன் செய்ததும் கிளம்பி வரச் சொன்னார். டாக்டரிடம் அனுமதிக் கடிதம் வாங்கினேன்.

திங்கள் காலை 5.40 பஸ். பெங்களூர் மடிவாளா வரை சுமார் 85 கி.மீ., டிக்கெட் பதினெட்டு ரூபாய். இறுக மூடிய இரண்டு கண்ணாடிக் குழாய்களைப் பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டேன். கண்டக்டர் பலகாரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்வது? பொம்மசந்திராவில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இறங்கியதும் பஸ் பாதி காலி. ஜன்னல் வழியே வந்த அந்தக் குளிருக்காக இன்றும் ஏங்குகிறேன். 8.20க்கு மடிவாளா. அங்கிருந்து தொம்மலூருக்கு ஆட்டோ இருபத்திரண்டு ரூபாய். மீட்டர் போட்டு வந்தார் என்பதால் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

தங்கியது தொம்மலூர் பழைய ஊருக்குள், சுமித்ரா வீட்டு மாடியில். மூன்று தலைமுறையாக பெங்களூர்க் குடும்பம்; அம்மாவிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம், சண்டை வந்தால் இரண்டும். தினமும் காலையில் ஒரு காபியை இரண்டாகப் பிரித்த பை-டூ குடித்துவிட்டு லேபுக்கு நடப்போம்.

திங்களன்று கிருமிகளை வளர்த்தோம். இரண்டும் வேறு வகைதான் என்று சுமித்ராவும் உறுதி செய்தார். செவ்வாயன்று, அந்த ஐந்து மருந்துக்கும் உடனே சாகும் சாதுவான லேப் கிருமி ஒன்றோடு என் கிருமிகளில் ஒன்றைக் கலந்தோம். புதனன்று அந்தக் கலவையை இரண்டு மருந்து சேர்த்த தட்டில் பூசினோம். ஒரு மருந்து சாதுவைக் கொல்லும்; இன்னொன்று, குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாத லேப் மருந்து, என் கிருமியை மட்டும் கொல்லும். தனித்தனியாகப் பூசினால் எதுவும் பிழைக்காது.

வியாழன் காலை, கலவை பூசிய தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. சாது, என் கிருமியிடமிருந்து மருந்தை முறிக்கும் வித்தையை வாங்கிக்கொண்டுவிட்டது.

"பிளாஸ்மிட்னு ஒரு குட்டி வளையம். அதுல இந்த ஜீன்லாம் இருக்கும். ஒண்ணுகிட்டேருந்து இன்னொண்ணுக்குப் போயிடும்," என்றார் சுமித்ரா.

பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்பு கொடுப்பதுபோலத்தான். வேறு சாதி என்றெல்லாம் கிருமிகள் பார்ப்பதில்லை; அதனால்தான் என் இரண்டு கிருமிக்கும் அதே ஐந்து.

நான் சந்தோஷத்தில் அழுதேன். "சும்னே அழாதீங்க, முதல்ல டாக்டருக்குச் சொல்லுங்க," என்றார், சும்மாவைக் கன்னடத்தில். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். டாக்டர் முழுக்கக் கேட்டார்.

"உன் மேல தப்பில்லம்மா," என்றார். பிறகு, "அப்ப வார்டுல எல்லாத்துக்கும் பரவும். இந்த ரெண்டு குழந்தைக்கும் இனி எத குடுக்கிறது?"

ஜெயித்த சந்தோஷம் பூத்திலேயே போய்விட்டது. பெரிய குழந்தை பிழைத்தது. சின்னது பிழைக்கவில்லை. என் வேலை நிலைத்தது.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: கிருமியை மடியில் வைத்துப் பஸ் ஏறாதீர்கள், நான் செய்தது மடத்தனம். மூன்றடுக்குப் பெட்டியில் கட்டி, உள்ளே என்ன என்று எழுதி, அதற்கான கூரியரில் அனுப்புங்கள். நீங்களும் போவதானால் திங்களன்றே போய்ச் சேருங்கள், சோதனைக்கு நாலு நாள் ஆகும். டிசம்பருக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

இன்று யாராவது என் ரிப்போர்ட் தப்பு என்றால் ரோஷம் வருவதில்லை. தப்பாகவே இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.