காலையிலிருந்து சொல்லுங்க

கலைமணியின் தம்பி போன் செய்தபோது நான் வலங்கைமான் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அக்கா போய்ட்டாங்க" என்றார். எங்கே போனாள் என்று கேட்டேன். விடியற்காலையில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் மிச்ச டீயைக் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்னும் புரியவில்லை.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் கறுப்புக் குடையும் ஸ்கூட்டருமாக அவளைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு வருடம் ஒரே அலுவலகத்தில் சேர்ந்து வேலை பார்த்தோம். அவள் ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேள்வி கேட்பாள். நான் பதில்களைத் தொகுத்து அறிக்கை எழுதுவேன். மத்தியானம் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைத் திறப்பாள். என் புளிசாதத்தில் பாதி அவளுக்கு என்பது எழுதாத சட்டம்.

ஒரு குறுவை நடவின்போது எங்களுக்கு ஒரு வேலை வந்தது. முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறுகிறது. கைரேகை மெஷினோடு ஒருவர் ஊருக்கே வந்து, விரலை வைக்கச் சொல்லிப் பணத்தைக் கையில் கொடுக்கிறார். இதில் வாங்குகிறவர்களுக்குத் திருப்தியா என்று கேட்க வேண்டும். கலைமணி கேட்டு வந்தாள். கிட்டத்தட்ட எல்லாரும் 'மிகவும் திருப்தி'. நான் மகிழ்ந்துபோய் அறிக்கையை முடித்துவிட்டேன். மறுநாள் அனுப்ப வேண்டிய நேரத்தில் அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

"நீ கேட்டு வாங்கிட்டு வந்த பதில்தானேடி?" என்றேன்.

"அதான் சாந்தி, தப்பு என்னோடது. மெஷின்காரரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே கேட்டுட்டேன். அடுத்த மாசமும் அவர்கிட்டதான் விரலை நீட்டணும். யாரு வாயைத் திறப்பாங்க?"

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சொன்ன தேதியில் அறிக்கை போகாவிட்டால் திட்டு எனக்குத்தான். மூன்றாம் நாள், 'வா, வந்து நீயே பாரு' என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். முதல் வீடு அஞ்சம்மாளுடையது. நாற்றுப் பறிக்கவும் நடவு நடவும் போகிற, தனியாக வாழும் பெண்மணி. மெஷின்காரர் பக்கத்தில் இல்லாதபோதும் அவர் பதில் 'மிகவும் திருப்தி'தான். கலைமணி பதில்களைக் குறித்துக்கொள்ளும் டேப்லெட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"கடைசியா பணம் வாங்கப் போனீங்கள்ல, அன்னிக்கு என்ன நடந்துச்சு? காலையிலேருந்து சொல்லுங்க."

அஞ்சம்மாள் சொல்ல ஆரம்பித்தார். "காலைல நடவுக்குப் போகலம்மா. போய் வரிசைல நின்னேன். விரலை வெச்சா மெஷின் எடுக்கல. தொடைச்சிட்டு வைங்கன்னாரு. எண்ணெ தடவிப் பாத்தேன். பத்து வெரலும் வெச்சாச்சு. நாளைக்கு வாங்கன்னாரு. இப்படியே நாலு தடவ. இன்னும் வாங்கலம்மா. பிரஷர் மாத்திரையும் தீந்துபோச்சு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட ரெண்டு வாங்கி, பாதிப் பாதியா போட்டுக்கறேன்."

கையை நீட்டினார். சேற்றுத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்து, ரேகையே இல்லாமல் வழவழவென்றிருந்தன.

"அப்புறம் ஏங்க திருப்தின்னு சொன்னீங்க?" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"வேலை மெனக்கெட்டு வந்து கேக்கறவங்ககிட்ட வேற என்னம்மா சொல்றது? ஏதாவது சொல்லப்போயி, இவளுக்கு வேணாம்போலன்னு நிறுத்திட்டா?"

அன்றே கலைமணி அவரை வங்கிக்கு அழைத்துப் போனாள். மேலாளரிடம் ஒரு மணி நேரம் வாதாடி, சீட்டில் கைநாட்டு வைத்துப் பணத்தை வாங்கவைத்து, மருந்துக்கடையையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். பிறகு எல்லா வீடுகளுக்கும் மறுபடி நடந்தோம். அறிக்கை வேறாயிற்று. தாமதத்துக்காக மேலதிகாரி போனில் என்னைத் திட்டியபோது போனைப் பிடுங்கி, "தப்பு என்னோடதுங்க, அவங்களைத் திட்டாதீங்க" என்றாள். அடுத்த நடவுக்குள் கண்ணைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் மெஷின் அந்த ஊருக்கு வந்துவிட்டது. எங்கள் அறிக்கையால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கலைமணி எல்லாரிடமும் சொன்னாள்.

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் வரும். அது மரியாதை. அதைப் போய் பதில்னு எழுதிக்காதே" என்பாள். அன்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் என் அறிக்கை அழகாகப் போயிருக்கும். அஞ்சம்மாள் மாத்திரை இல்லாமல் மிகவும் திருப்தியாக இருந்திருப்பார். அந்தப் பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றியவள் அவள். நான் நன்றி சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் ஒரு மாதத்துக்குத் தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பாள். இப்போது சொல்கிறேன், உட்கார்ந்துகொள்ளட்டும்.

டேப்லெட் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டது. குடை தம்பியிடம் இருக்கிறது. எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

துக்க வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் எப்படி இருக்கீங்க என்றார்கள். பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன். இரண்டு பஸ் மாறி வந்திருந்த அஞ்சம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"கடைசியா அவங்களைப் பாத்தீங்கள்ல, அன்னிக்கு என்ன நடந்துச்சும்மா? காலையிலேருந்து சொல்லுங்க."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே, கலைமணி என் டிபன் பாக்ஸைத் திறந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.